டிவி வாங்கும் முன் ஓஎஸ் எது என்று கேளுங்கள்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி கல்லுக்கட்டியில் ஒரு டிவி கடைக்குள் நுழைந்தால் விற்பனையாளர் முதலில் அங்குலம் சொல்வார், அடுத்து 4கே என்பார், அப்புறம் தள்ளுபடிக்குப் போய்விடுவார். உள்ளே ஓடுவது என்ன ஓஎஸ் (டிவியை இயக்கும் மென்பொருள்) என்று அவராகச் சொல்ல மாட்டார், நாமும் கேட்பதில்லை. ஆனால் டிவி வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து நாம் மல்லுக்கட்டப் போவது அந்த ஓஎஸ்ஸோடுதான்.

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு 43 அங்குல டிவி வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். 'ஸ்மார்ட் ஆண்ட்ராய்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் பிளே ஸ்டோரே இல்லை, பெயர் தெரியாத வேறொரு ஆப் கடை இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் கிடைக்கவில்லை. யூடியூப்பை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தால் அப்போதுதான் திறந்திருக்கும். படம் என்னவோ தெளிவுதான். இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்பத்தா ரிமோட்டை என் கையில் கொடுத்து, "பழைய டிவியவே எடுத்து வைப்பா, இது எனக்கு வேணாம்" என்றார்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் டிவி பார்த்துக் கொடுப்பது எப்படியோ என் வேலையாகிவிட்டது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: யார் பார்க்கப் போகிறார்கள்?

நம் பக்கத்து வீடுகளில் டிவிக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். மகன் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு ஆன்லைனில் ஆர்டர் போடுவார். தேவகோட்டையிலோ கண்டனூரிலோ உட்கார்ந்து தினமும் பார்க்கப் போவது அம்மாவும் அப்பாவும். மகன் தன் கைக்குப் பழகிய ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்கிறார். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

எனவே கடைக்குப் போகும் முன், அந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு எது எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேபிள் அல்லது டிஷ் பாக்ஸில் சீரியல் எத்தனை மணி நேரம்? யூடியூப்பில் கோயில் கும்பாபிஷேகமும் சமையலும் எவ்வளவு? எந்தெந்த ஓடிடிக்குப் பணம் கட்டியிருக்கிறது? பென்டிரைவில் கல்யாண வீடியோ போடுவார்களா? பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்களா?

பத்தில் ஒன்பது பங்கு பாக்ஸில்தான் போகிறது என்றால் ஓஎஸ்ஸைப் பற்றி ரொம்பவும் அலட்டிக்கொள்ள வேண்டாம். டிவியைப் போட்டதும் நேராகப் பாக்ஸுக்குப் போகிறதா என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். மற்றவர்கள் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: வீட்டுச் சுவரும் நெட்டும்

டிவி ஓஎஸ் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் செட்டிநாட்டு வீட்டுக்குள் வைஃபை எப்படிப் போகும் என்று யோசித்திருக்க மாட்டார்கள். முகப்பில் ரூட்டர் இருக்கும். டிவி வளவை (நடு முற்றத்தை)த் தாண்டி இரண்டாம் கட்டில் இருக்கும். நடுவில் கனமான சுண்ணாம்புச் சுவர்கள். சுற்றுகிற படத்தைப் பார்த்துவிட்டு "இந்த டிவி சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுவோம். பாவம், அதன் மேல் குற்றமே இருக்காது.

டிவி வைக்கப்போகும் இடத்தில் நின்று, கதவுகளைச் சாத்திக்கொண்டு, போனில் ஒரு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி ஃபுல் எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேவுக்கு 15 மெகாபிட் வேண்டும். அது வரவில்லையென்றால் எந்த ஓஎஸ்ஸும் காப்பாற்றாது. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கும். ஐந்து வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சுருண்டுவிடும். இரண்டு மெதுவானது, தூரம் போகும். சிறந்த வழி, முகப்பிலிருந்து ஒரு லேன் கேபிளை உத்தரத்தை ஒட்டி இழுத்து டிவியின் பின்னால் செருகிவிடுவதுதான். அதனால் லேன் போர்ட் உள்ள மாடலா என்று பார்த்து வாங்குங்கள், சில சின்ன டிவிகளில் அது இருக்காது.

இன்னொன்று. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி வழவழப்பாக்கிய சுவர் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து டிரில்லைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு ஸ்டாண்டு வாங்கி ஆத்தங்குடிக் கல் தரையில் நிறுத்துங்கள். ஓஎஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மனசு கேட்காமல் சொல்கிறேன்.

மூன்றாம் படி: ஓஎஸ்களைத் தெரிந்துகொள்வது

ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதி பிராண்டைத் தேர்ந்தெடுப்பதுதான். சாம்சங் வாங்கினால் டைசன்தான் வரும். எல்ஜி என்றால் வெப்ஓஎஸ். சோனி, டிசிஎல், ஹையர் எல்லாம் கூகுள் டிவி. ஷாவ்மியில் பெரும்பாலும் கூகுள் டிவி, சில மாடல்களில் மட்டும் ஃபயர் டிவி. ஹைசென்ஸில் பெரும்பாலும் விடா. பிராண்டு பெயரை மட்டும் நம்பாமல் மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூகுள் டிவியில் தொடங்குவோம், கடைகளில் அதிகம் கிடைப்பது அதுதான். 2014-ல் ஆண்ட்ராய்டு டிவி என்று வந்தது. 2020-ல் அதன் மேல் புது முகப்புத் திரையைப் பூசி கூகுள் டிவி என்று பெயர் வைத்தார்கள். உள்ளே ஓடுவது இன்றும் ஆண்ட்ராய்டுதான். இதன் பலம் ஆப்கள். தமிழில் நாம் பார்க்கும் ஓடிடி எதுவாக இருந்தாலும் பிளே ஸ்டோரில் அநேகமாக இருக்கும். போனிலிருந்து நேராக டிவிக்கு 'காஸ்ட்' செய்யலாம். பென்டிரைவில் உள்ள வீடியோ சரியாக ஓடவில்லையா, விஎல்சி என்ற வீடியோ ஆப்பை இறக்கிக்கொள்ளலாம். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஒரே ஓஎஸ்ஸைப் பத்துக் கம்பெனிகள் பத்து விதமான சிப்பில் போட்டு விற்கின்றன. நல்ல சிப்பில் பறக்கும், மலிவான சிப்பில் நொண்டும். அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்பதும் அந்தந்தக் கம்பெனியின் மனசைப் பொறுத்தது. முகப்புப் பக்கம் முழுக்க 'இதைப் பாருங்கள், அதைப் பாருங்கள்' என்று போஸ்டர் ஒட்டி வைத்திருக்கும். பெரியவர்களைக் குழப்புவது பெரும்பாலும் இதுதான், இதற்கு மருந்து ஆறாம் படியில் இருக்கிறது.

வெப்ஓஎஸ்ஸின் கதை சுவாரசியமானது. 2009-ல் பாம் என்ற கம்பெனியின் செல்போனுக்காகப் பிறந்தது. 2010-ல் பாமை எச்பி வாங்கியது. 2013-ல் எச்பியிடமிருந்து எல்ஜி வாங்கி, அடுத்த வருஷம் டிவியில் போட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை வழியாக வீடு மாறுகிற தேக்குக் கதவு மாதிரி, எங்கேயோ செய்தது வேறெங்கேயோ போய்க் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. எல்ஜியின் மேல்தட்டு மாடல்களில் மேஜிக் ரிமோட் வரும். கையில் பிடித்து ஆட்டினால் திரையில் அம்புக்குறி நகரும். அப்பத்தாவுக்கு இது சரிப்படாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பொத்தான் தேடுவதைவிட, விரலால் காட்டுவதுபோல் காட்டி அமுக்குவது அவருக்கு எளிதாகவே இருந்தது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் யோசித்து வாங்குங்கள். மலிவு மாடல்களில் சாதா ரிமோட்தான் வரும்.

சாம்சங் 2015-லிருந்து தன் டிவிகளில் டைசனைப் போடுகிறது. ஓஎஸ்ஸை ஒரே கம்பெனி தன் டிவிகளின் சிப்புக்கும் திரைக்கும் பொருத்திப் பார்த்துப் போடுவதால், விலை குறைந்த மாடல்கூட ஓரளவு தடங்கலில்லாமல் ஓடும். 2024 மாடல்களுக்கு ஏழு வருஷம் ஓஎஸ் அப்டேட் தருவதாகச் சாம்சங் அறிவித்தது. எல்ஜியும் ஐந்து வருஷத்தில் நான்கு முறை புதுப் பதிப்புக்கு ஏற்றித் தருவதாக அறிவித்திருக்கிறது. எந்தெந்த மாடல்களுக்கு என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் எடுத்துக்காட்டும் டால்பி விஷன் சாம்சங்கில் கிடையாது, அதற்குப் பதில் எச்டிஆர் 10 பிளஸ். இந்த வித்தியாசம் ஓடிடி பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பென்டிரைவ், ஹார்டு டிஸ்க்கில் படம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2018-லிருந்து சாம்சங் டிவிகளில் டிடிஎஸ் என்ற ஒலிமுறை கிடையாது. அந்த ஒலியில் பதிந்த படம் ஊமையாக ஓடும். எல்ஜியிலும் சில வருஷத்து மாடல்களில் இதே கதைதான்.

சாம்சங், எல்ஜி இரண்டிலும் வெளியிலிருந்து ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்பின் ஃபைல்) கொண்டுவந்து ஏற்ற முடியாது. அது குறையா நிறையா என்பது உங்களைப் பொறுத்தது. புதுப்படம் ஓசியில் வரும் என்று யாரோ வாட்சப்பில் அனுப்பிய ஆப்பை டிவியில் போட்டு, அதே டிவியில் கூகுள் கணக்கும் திறந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கென்னவோ, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் கதவு சாத்தியிருப்பதே நல்லது.

ஃபயர் டிவி அமேசானுடையது. இதுவும் நெடுங்காலம் ஆண்ட்ராய்டை மாற்றிச் செய்ததாகவே இருந்தது, ஆனால் பிளே ஸ்டோர் இருக்காது, அமேசானின் ஆப் கடைதான். பிரைம் சந்தாதாரர்களுக்கு வசதி. முகப்பில் விளம்பரம் தாராளம். 2025-ல் அமேசான் வேகா என்ற புது ஓஎஸ்ஸில் ஒரு ஸ்டிக்கை (டிவியின் பின்னால் செருகினால் தன் ஓஎஸ்ஸைக் காட்டும் சின்னக் கருவி) வெளியிட்டது. அதில் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடாது. ஸ்டிக் வாங்கும்போது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விடாவும் 2025 பிப்ரவரியில் வந்த ஜியோடெலி ஓஎஸ்ஸும் இருக்கின்றன. உங்கள் ஓடிடிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

கடைசியாக நான் ஏமாந்த ரகம். ஆண்ட்ராய்டின் மூல நிரல் யாருக்கும் இலவசம். அதை எடுத்து, கூகுளின் சான்று வாங்காமல் டிவியில் போட்டு 'ஆண்ட்ராய்டு டிவி' என்று விற்கலாம். அதில் பிளே ஸ்டோர் வராது. ஓடிடிகள் கேட்கும் திருட்டுத்தடுப்புச் சான்றும் இல்லையென்றால் படம் எச்டியில் வராது, மங்கலாகத்தான் ஓடும். கண்டுபிடிக்கும் வழி எளிது. பெட்டியின் மேல் 'கூகுள் டிவி' என்ற பெயர் முழுதாக இருக்க வேண்டும், முகப்பில் பிளே ஸ்டோர் திறக்க வேண்டும், நெட்ஃபிளிக்ஸ் உள்ளேயே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நடையைக் கட்டுங்கள்.

பிளே ஸ்டோர் போடுவதில் டிவி கம்பெனிகளுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற ஆப்களையும் மொத்தமாகச் சேர்த்துத்தான் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இந்தியப் போட்டி ஆணையத்தில் இது வழக்காகி, 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டி சமரசம் செய்துகொண்டது. பிளே ஸ்டோரைத் தனி உரிமமாகக் கொடுக்கவும் ஒத்துக்கொண்டது.

நான்காம் படி: ரேமும் இடமும்

32 அங்குல எச்டி டிவிக்கு 1 ஜிபி ரேம் (ஆப்கள் ஓடும்போது பயன்படும் நினைவகம்) இருந்தால் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். 4கே என்றால் 2 ஜிபிக்குக் குறையக் கூடாது. கூகுள் டிவியில் சேமிப்பிடம் 16 ஜிபி கேளுங்கள். 8 ஜிபியில் ஓஎஸ்ஸே பாதியைத் தின்றுவிடும், ஆறே மாதத்தில் 'இடம் இல்லை' என்று புலம்ப ஆரம்பிக்கும். சாம்சங், எல்ஜி இந்தக் கணக்கைப் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை. அவற்றைக் கையால் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: கடையில் பத்து நிமிஷம்

ஆன்லைனில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றாலும் கடையில் போய் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். முடிந்தால் வீட்டில் டிவி பார்க்கப்போகும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செக்காலை ரோட்டில் வண்டி நிறுத்தக் கொஞ்சம் சிரமப்பட்டாலும் பரவாயில்லை.

கடையில் ஓடும் டெமோ வீடியோவை நம்பாதீர்கள், எந்த டிவியிலும் அது அழகாகத்தான் இருக்கும். டிவியை அணைத்து, பிளக்கை எடுத்து, திரும்பப் போடச் சொல்லுங்கள். முகப்பு வர எவ்வளவு நேரம் ஆகிறது? கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து யூடியூப்பைத் திறந்து, ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு, முகப்புக்கு வந்து, வேறு ஆப்புக்குப் போய், திரும்ப யூடியூப்புக்கு வாருங்கள். விட்ட இடத்திலிருந்து ஓடினால் நல்லது. முதலிலிருந்து ஆரம்பித்தால் ரேம் போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்து மைக் பொத்தானை அமுக்கி, வீட்டுப் பெரியவர் பேசுகிற மாதிரியே தமிழில் கேட்டுப் பாருங்கள். எந்த அளவுக்குப் புரிந்துகொள்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறுகிறது, பெட்டியில் எழுதியிருப்பதை வைத்துச் சொல்ல முடியாது. செட்டிங்ஸில் மொழிப் பட்டியலைத் திறந்து தமிழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போவது முக்கியம். அறுபதாம் கல்யாண வீடியோவில் ஒரு துண்டு போதும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் பழைய ஃபேட்32 முறையில் ஏறாது என்பதால் வீடியோகிராபர் எக்ஸ்ஃபேட்டிலோ என்டிஎஃப்எஸ்ஸிலோ போட்டுக் கொடுத்திருப்பார். டிவி அதைப் படிக்கிறதா, ஒலி வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எச்டிஎம்ஐ ஓட்டைகளை எண்ணுங்கள். பாக்ஸுக்கு ஒன்று, சவுண்டுபாருக்கு 'ஆர்க்' என்று எழுதிய ஒன்று, பிற்பாடு ஸ்டிக் போட ஒன்று. மூன்று வேண்டும்.

பில் போடும்போது: 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய விலையில் தள்ளுபடி என்று காட்டினால் கணக்குப் பார்த்துப் பேசுங்கள். சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்றும் கேளுங்கள். பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் மதுரையிலிருந்துதான் வர வேண்டும் என்றால் எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: முதல் நாள் சாயங்காலம்

டிவியை மாட்டிக் கொடுத்துவிட்டு ஆள் போய்விடுவார். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

முதலில் 'ஸ்டோர்' மோடா 'ஹோம்' மோடா என்று கேட்கும், ஹோம் கொடுங்கள். கை தவறி ஸ்டோரை அமுக்கிவிட்டு, கண் கூசுகிறது என்று டிவியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்களும் உண்டு. பிறகு அப்டேட் இருந்தால் முழுக்க முடியட்டும்.

கணக்கு யாருடையது என்பதை யோசித்துச் செய்யுங்கள். மகனுடைய கணக்கில், அவருடைய கார்டு சேர்ந்திருந்தால், பணம் கட்டி எதையும் வாங்க முடியாதபடி 'பின்' (ரகசிய) நம்பர் போட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் வரும் வீட்டில் இது கட்டாயம்.

கூகுள் டிவியின் போஸ்டர் கூட்டத்தைக் குறைக்க, கணக்கு அமைப்பில் 'ஆப்ஸ் ஒன்லி மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் நீங்கள் ஏற்றிய ஆப்கள் மட்டும் தெரியும். குரல்தேடல் வசதி அதோடு குறைந்துவிடும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஓடிடியே வேண்டாம் என்பவர்களுக்கு, முதல் அமைப்பின்போதே 'பேசிக் டிவி' என்று தேர்ந்தெடுக்கலாம். கூகுள் கணக்குக்கூட வேண்டாம், வெறும் டிவியாக இருக்கும்.

சாம்சங், எல்ஜியில் டிவியைப் போட்டதும் முகப்பு தானாகத் திறக்கும் அமைப்பை அணைத்துவிட்டால், கடைசியாகப் பார்த்த இடத்துக்கே போகும். அதாவது நேராகக் கேபிள் பாக்ஸுக்கு. கூகுள் டிவியில் இது பிராண்டைப் பொறுத்தது. எச்டிஎம்ஐ-சிஇசி என்ற வசதியையும் போட்டுவிடுங்கள். சாம்சங்கில் அதற்கு அனிநெட் பிளஸ் என்று பெயர், எல்ஜியில் சிம்ப்ளிங்க். பாக்ஸும் ஒத்துழைத்தால் இரண்டு ரிமோட்டில் ஒன்று குறையும்.

அப்புறம், நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதைத் திரையிலிருந்தே கவனித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் வசதி ஒன்று பெரும்பாலான டிவிகளில் இருக்கிறது. எல்ஜியில் 'லைவ் பிளஸ்', சாம்சங்கில் 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்'. முதல் அமைப்பில் எல்லாவற்றுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' கொடுக்காமல் இதை மட்டும் நீக்கிவிடுங்கள்.

சந்தாவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம் டிவியில் ஓடாது, 4கேவுக்கு பிரீமியம் திட்டம் வேண்டும். 'டிவி கெட்டுப்போச்சு' என்று எனக்கு வரும் போன்களில் கணிசமானவை இந்த வகை.

பூட்டியே கிடந்து பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால், போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது ஆறு மாத அப்டேட்டும் ஒன்றாக வந்து நிற்கும், ஓடிடி எல்லாம் திரும்ப லாகின் கேட்கும். ஆட்கள் வருவதற்கு முதல் நாளே போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு

திரை நன்றாக இருந்து ஓஎஸ் மட்டும் சதி செய்தால் டிவியை விற்க வேண்டாம். திரையை மாற்ற முடியாது, ஓஎஸ்ஸை மாற்றலாம். ஐந்து, ஆறாயிரம் ரூபாயில் ஒரு ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐயில் செருகிவிட்டு, டிவியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். நல்ல டிவிக்கும் ஒரு நாள் இது தேவைப்படும். 2010, 2011 காலத்துச் சில சாம்சங் டிவிகளில் 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரை அதற்குப் பிறகும் நன்றாகத்தான் ஓடியிருக்கும். இதனால்தான் காசு கொஞ்சம் கூடக் கொடுப்பதாக இருந்தால் நல்ல திரைக்குக் கொடுங்கள் என்பேன்.

என்னுடைய அந்த 43 அங்குலம் இன்னும் இரண்டாம் கட்டில்தான் இருக்கிறது. ஒரு ஸ்டிக் செருகியிருக்கிறேன். ஸ்டிக் ரிமோட்டில் யூடியூப் பொத்தான் இல்லாததால், நடுப் பொத்தானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ரிமோட்டின் பின்னால் 'வீடு படம் அமுக்கு, வலது பக்கம் ரெண்டு தரம், அப்புறம் சிவப்பு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்பத்தா அதைப் படிப்பதேயில்லை, விரலே போய் அமுக்கிவிடுகிறது.